ஜே.ஜே.யின் நாட்குறிப்பும் ஆயரின் தற்சோதனையும்

நாகர்கோவிலில் வாழ்ந்து எழுதிய சுந்தர ராமசாமி (1931–2005) அவர்களின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' என்னும் நாவல் 1981-இல் வெளிவந்தது. இலக்கிய உலகில் பெரிதும் பேசப்பட்ட இந்நூலை இறையியல் மாணவர்களும் ஆயர்களும் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் எண்ணம். நூலின் இலக்கிய நயங்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. மனிதன் தன்னைத்தானே சோதித்தறிதலை இந்நாவல் எவ்வாறு காட்டுகிறது, அதில் திருப்பணியாளர் கற்க வேண்டியது யாது, ஏற்கலாகாதது யாது என்பனவற்றையே இங்கு சிந்திப்போம்.

ஜோசஃப் ஜேம்ஸ் என்னும் ஜே.ஜே. ஒரு கற்பனை மலையாள எழுத்தாளன். ஆல்பெர் காம்யு விபத்தில் மாண்டதற்கு மறுநாள், 1960 ஜனவரி 5-ஆம் தேதி, 39-ஆம் வயதில் அவன் இறந்தான் என்ற செய்தியுடன் நாவல் தொடங்குகிறது. பாலு என்னும் தமிழ் எழுத்தாளன் அவனைப் பற்றிய நினைவுகளைத் திரட்டி முதற் பகுதியாக அமைக்கிறான். இரண்டாம் பகுதி ஜே.ஜே.யின் நாட்குறிப்புகள். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு, பின் திரு-கொச்சியோடு சேர்ந்திருந்த நம் மாவட்டத்தில், தமிழன் ஒருவன் மலையாளியின் நாட்குறிப்பைப் படித்துத் தன்னை அளந்து பார்ப்பது வியப்புக்குரியதன்று.

இந்நாட்குறிப்பின் முதற் சிறப்பு அதன் துல்லியம். பொதுவான சொற்களால் தன்னைத் தேற்றிக்கொள்ள ஜே.ஜே. மறுக்கிறான். கொள்கையின் பெயராலோ நட்பின் பெயராலோ பொய்க்கு இடங்கொடுக்க அவன் மனம் இசைவதில்லை. இதனோடு நமது வழக்கத்தை ஒப்பிடுக. ஞாயிறுதோறும் பாவ அறிக்கையை நாமே முன்னின்று சொல்லுகிறோம். சிந்தையாலும் வாக்காலும் செயலாலும் பிழைத்தோம் என்கிறோம். எந்தச் சிந்தை, எந்த வாக்கு, யாருக்கு இழைத்த செயல் என்று கேட்டால் எத்தனை ஆயர்கள் விடையளிக்கக் கூடும்? பொதுவில் அறிக்கையிடுவது எளிது. ஒன்றைப் பெயர் சொல்லி அறிக்கையிடுவதே கடினம். இக்கடினத்தை ஜே.ஜே. நமக்குக் கற்பிக்கிறான்.

எனினும் இந்நாட்குறிப்பில் ஒரு குறையுண்டு. அதற்குக் கேட்பவர் இல்லை. குற்றவாளியும் சாட்சியும் நீதிபதியும் அங்கு ஒருவனே. அத்தகைய நீதிமன்றத்தில் தண்டனை கடுமையாக இருக்கலாம். மன்னிப்பு பிறக்க வழியில்லை. மேலும் தன்னை நோக்கிய கூர்மை வெகுவிரைவில் பிறரை நோக்கித் திரும்பிவிடுகிறது. ஆசிரியர் இதனை அறியாதவரல்லர், ஜே.ஜே.யை வியக்கும் பாலுவின் கை வழியாகவே குறிப்புகளை நமக்குத் தருவதில் ஓர் எச்சரிக்கை அடங்கியிருக்கிறது. ஆயினும் படிப்போர் பலர் அதனைக் கவனிப்பதில்லை. இந்நூலைப் படித்த மாணவர் சிலர் அதன் வாக்கியங்களைத் தம் சேகர ஆயர்மீது எறியும் கற்களாகப் பயன்படுத்தக் கண்டிருக்கிறேன். தம்மீது பயன்படுத்தியவரை அரிதாகவே கண்டேன்.

அந்த மாணவரைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சேகரத்தில் பணியாற்றுகையில், ஒரே நாளில் இரண்டு அடக்க ஆராதனைகளையும் ஒரு திருமணத்தையும் நடத்த நேர்ந்தது. மாலையில், மணியடிக்கத் தாமதித்த கோயில்பிள்ளையை ஆலய வாசலில் பலர் முன்னிலையில் கடிந்துகொண்டேன். அன்றிரவு நாட்குறிப்பில் அவருடைய அசட்டையைப் பற்றி அரைப் பக்கம் எழுதினேன். அடுத்த திருவிருந்துக்கு ஆயத்தமாகுமுன் அதனைத் திரும்பப் படித்தபோது, என்னைச் சோதிக்கவென்று வைத்திருந்த ஏட்டில் அவரையே சோதித்திருக்கக் கண்டேன். அவர் வீட்டிற்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னது ஒன்றுதான்: "ஐயா அன்னைக்கு மத்தியானம் சாப்பிடவே இல்லியே." என் ஏடு அறியாததை அவர் அறிந்திருந்தார்.

பவுல் அடியார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் இப்பொருள் பற்றி இரண்டு இடங்கள் உள்ளன. 11:28-இல், திருவிருந்துக்கு முன் ஒவ்வொருவரும் தம்மைச் சோதித்தறிய வேண்டுமென்கிறார். அதன் சூழலை நாம் மறந்துவிடுகிறோம். அச்சபையில் சிலர் முந்திக்கொண்டு உண்டனர், ஏழைகள் பசியோடிருந்தனர். ஆகவே பவுல் கோரும் சோதனை, மனத்தின் மூலைகளைத் துருவுவது மட்டுமன்று. அருகில் இருப்பவன் பசியைக் காண்பதுமாகும். ஆனால் 4:3, 4-இலோ, தம்மைத்தாமே நியாயந்தீர்ப்பதில்லை என்றும், தம்மை நியாயந்தீர்ப்பவர் கர்த்தரே என்றும் கூறுகிறார். இவை முரண்பட்டவை அல்ல. சோதித்தறிதல் நம் கடமை, தீர்ப்பு நம்முடையதன்று. 139-ஆம் சங்கீதக்காரன் தன்னைத் தானே ஆராய்ந்து முடித்துவிட்டதாகச் சொல்லாமல், தன்னை ஆராயும்படி தேவனிடம் வேண்டுவதும் இதனாலேயே. ஜே.ஜே. சோதனையையும் தீர்ப்பையும் ஒருங்கே சுமந்தான். அச்சுமை எந்த மனிதனுக்கும் மிகை.

இன்னொன்றும் உண்டு. 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தில் எலியா சாவை விரும்பிச் சூரைச்செடியின் கீழ்ப் படுக்கிறான். தேவதூதன் அவனைக் கண்டிக்கவில்லை. அடையும் தண்ணீரும் தருகிறான், உறங்க விடுகிறான், மீண்டும் உண்ணச் செய்கிறான். அவன் அங்கு வந்த காரணத்தைத் தேவன் வினவுவது ஓரேபை அடைந்த பின்னரே. முதலில் உணவும் உறக்கமும், பின்னர் கேள்வி. நமது தற்சோதனையில் இவ்வரிசை பெரும்பாலும் தலைகீழாகிவிடுகிறது. உண்ணாமலும் உறங்காமலும் நள்ளிரவில் தன்னை ஆராய்கிறவன் காண்பது தன் ஆத்துமாவையா, தன் களைப்பையா என்று சொல்வது அரிது.

நம் மாவட்டத் திருச்சபை வரலாற்றின் தொடக்கத்திலேயே இதற்குச் சான்றுண்டு. 1806-இல் திருவிதாங்கூருக்குள் வந்த ரிங்கல்தௌபே ஐயர், 1809-இல் மயிலாடியில் ஆலயம் எழுப்பினார். தம் ஊதியத்தில் பெரும்பகுதியைப் பிறருக்குக் கொடுத்து எளிமையாய் வாழ்ந்தார். 1816-இல் உடல்நலங் குன்றி, சபைப் பொறுப்பை மகாராசன் வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்து வெளியேறினார். அவருடைய எளிமையைப் பிரசங்க மேடைகளில் புகழ்கிறோம். அவர் உடல் தளர்ந்த காலத்தில் அவரைக் கவனித்துக் கேட்க உடன் ஊழியர் ஒருவரேனும் இருந்தாரா என்று நாம் கேட்பதில்லை. அதனால்தான் இன்றைய இளம் ஆயரிடமும் அக்கேள்வியைக் கேட்க மறக்கிறோம்.

கேட்பவர் தேவை என்பதைத் திருச்சபை முன்னரே அறிந்திருந்தது. ஜான் வெஸ்லி 1738-இல் சிறு குழுக்களுக்கு வகுத்த விதிகள், வாரந்தோறும் கூடி ஒருவருக்கொருவர் தம் ஆத்தும நிலையை மறைக்காமல் பேசும்படி பணித்தன. 16-ஆம் நூற்றாண்டின் இக்னேஷியஸ் லயோலா வகுத்த தற்சோதனை, பாவத்தை எண்ணுவதற்கு முன் நன்றி செலுத்துதலில் தொடங்குகிறது. அவர் நம் சபைப் பிரிவினர் அல்லரெனினும் இவ்வரிசை திருமறைக்கு ஒத்ததே.

இறுதியாண்டு மாணவர் இந்நாவலைத் தவறாது படிக்க வேண்டுமென்றே பரிந்துரைக்கிறேன். ஜே.ஜே.யின் துல்லியத்தை அவர்கள் கற்றுக்கொள்ளட்டும். அவனுடைய தனிமையை அல்ல. சேகரத்திற்குச் சென்றபின் நாள்தோறும் சில நிமிடங்கள் ஒதுக்கி மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நலம். இன்று எதற்கு நன்றி சொல்வேன்? இன்று யாருக்கு, எச்சொல்லால் தீங்கு செய்தேன்? இன்று உண்டேனா, உறங்கினேனா? வாரம் ஒருமுறை இவ்விடைகளை அடுத்த சேகரத்து ஆயர் ஒருவரிடம் வாய்திறந்து சொல்லவும் வேண்டும். அத்தகைய ஒருவர் வாய்க்கவில்லையெனில், நம் கோயில்பிள்ளையிடம் கேட்கலாம். நாம் மறைத்துவைத்திருப்பதாக எண்ணுவதில் பாதியை அவர் ஏற்கெனவே அறிவார்.