பூட்டு மட்டும் போதுமா?

தீபாவளி விடுமுறை நெருங்கினால் கோர்படியின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பெட்டி கட்டும் வேலை தொடங்கிவிடும். புனே ஜங்ஷனுக்குக் கிழக்கே, ரயில் தடங்களும் ராணுவக் குடியிருப்புகளும் சூழ்ந்த பகுதி இது. ஊருக்கு ரயிலேறும் தமிழ்க் குடும்பங்களும் இங்கே உண்டு.

கிளம்புமுன் செய்யும் வேலைகள் எல்லார் வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கேஸ் ரெகுலேட்டரை மூடுவார்கள், டிவி, கீசர் பிளக்குகளைப் பிடுங்குவார்கள், நகையை வங்கி லாக்கரில் வைப்பார்கள். பாலையும் பேப்பரையும் நிறுத்தச் சொல்வார்கள். சொசைட்டி செகரட்டரிக்கும் வாட்ச்மேனுக்கும் தகவல் போகும். ஆந்திரக் காவல்துறை இன்னும் ஒரு படி மேலே போய், ஊருக்குப் போகிறவர்கள் கேட்டுக்கொண்டால் பூட்டிய வீட்டில் கேமரா பொருத்திக் கண்காணிக்கிறது. கோர்படியிலும் கவலையெல்லாம் திருடனைப் பற்றித்தான்.

இலங்கையின் யாழ்ப்பாணத்தில் விடுமுறைக்குக் கிளம்புவது வேறு மாதிரி. அங்கே வளவும் (வீட்டைச் சுற்றிய நிலம்) கிணறும் மதிலுமாகத் தனி வீடுகளே அதிகம். செகரட்டரியின் இடத்தில் பக்கத்து வீடு. "பின்னேரத்தில லைட்டை ஒருக்காப் போட்டு விடுங்கோ அக்கா" என்று சொல்லி, திறப்பையும் (சாவி) நாய்க்கான சாப்பாட்டையும் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதோடு வேலை முடிவதில்லை. வளவில் கிடக்கும் சிரட்டை, யோகட் கோப்பை, பழைய டயரைப் பொறுக்க வேண்டும். கூரைப் பீலியில் அடைத்த சருகை அள்ள வேண்டும். டிசம்பர் பள்ளி விடுமுறை வருவதே மாரி மழையில்தான்.

காரணம் டெங்கு. 2017இல் மட்டும் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளிகளாகப் பதிவானார்கள். நுளம்பு (கொசு) பெருக இடம் வைப்பதை 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வளவுக்குள் வந்து பார்ப்பார். புழு கண்டால் வழக்கு, அபராதம்.

புனேயிலும் டெங்கு உண்டு, மாநகராட்சி நோட்டீஸும் உண்டு. ஆனால் ஊருக்குப் போகும்போது தண்ணீரை நினைப்பவர் குறைவு.

ஃபிரிட்ஜின் பின்னால் உள்ள தட்டு, துளசித் தொட்டியின் அடித்தட்டு, மழை முடிந்தும் வடிக்காத கூலர், புழங்காத கழிப்பறை: ஃபிளாட்டில் தண்ணீர் தேங்க இவை போதும். முட்டை கொசுவாக எட்டுப் பத்து நாள்தான் ஆகும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் மறுபடி நனைந்ததும் பொரியும். ஆகவே தேய்த்துக் கழுவிக் கவிழ்க்க வேண்டும். கழிப்பறை மூடியைச் சாத்த வேண்டும்.

பூட்டை இழுத்துப் பார்ப்பதற்குமுன் இதற்கு ஒரு கால்மணி நேரம் ஒதுக்குங்கள்.