இராக்கு: தீயின் கொடையும் கையின் தேர்வும்

மட்கலம் செய்வதைப் பல்லாண்டு கைவிட்டிருந்தோர் மீண்டும் அக்கலையை நாடுங்கால், இராக்கு முறையை விரும்பி மேற்கொள்வதை இன்று பல நாடுகளிலும் காண்கின்றோம். அம்மீட்சியின் பயன் யாது என ஆராய்வது நலம்.

ஜப்பானின் கியோட்டோ நகரில், 16ஆம் நூற்றாண்டில், தேநீர் நெறியின் பேராசானாகிய சென் நோ ரிக்யுவின் (1522-1591) கருத்துக்கு இசைய, சோஜிரோ என்னும் கைவினைஞர் இவ்வகைக் கிண்ணத்தை முதலில் செய்தார். சக்கரத்தில் வனையாது, கையாலேயே உருவாக்கிச் செதுக்கினார். கருநிறக் கிண்ணத்தைச் சூளையில் செந்தழலாய் ஒளிரும்போதே இடுக்கியால் எடுப்பர். விரைந்து குளிர்வதால் மேற்பூச்சு கருமை எய்தும்.

இம்முறையின் விரைவே பலரைக் கவர்கின்றது. 1911இல் டோக்கியோவில் ஒரு விருந்தில், தாம் ஓவியம் தீட்டிய கலம் ஒரு மணி நேரத்திற்குள் வெந்து வரக் கண்டார் பெர்னார்டு லீச் என்னும் ஆங்கிலேயர். அன்று எழுந்த வேட்கை அவரைக் குயவராக்கியது. 1960இல் அமெரிக்கரான பால் சோல்ட்னர், கனலும் கலத்தை இலைகளில் இட்டுப் புகையூட்டினார். செம்பொளி வீசும் இக்காலக் கலங்கள் பல அவ்வழி வந்தவையே.

ஈண்டு ஒரு வினா எழுகின்றது. புகை தற்செயலாய்த் தந்த வண்ணத்தைக் கலைஞன் தன் படைப்பு எனக் கொள்ளலாமோ? வண்ணம் ஒன்றே பெருமையாயின், கொள்ளலாகாது என்பதே நம் துணிபு. சோஜிரோவின் கிண்ணத்தில் பளபளப்பு இல்லை. அது இரு கைகளில் அடங்கும். தேநீரின் வெம்மையை மெல்லவே கைக்கு உணர்த்தும். இதழுக்கு இதமாய் அமையும். புகையூட்டிய புதுக் கலங்களோ பெரும்பாலும் நீர் கசியும் இயல்பின. உண்ணவும் பருகவும் உதவாது, காட்சிப் பொருளாய் நின்றுவிடுகின்றன. ஒளி பெருகிற்று, பயன் குறைந்தது. இதனை வளர்ச்சி என்று மட்டும் கூறி அமைதல் தகுமோ?

ஆயினும் புதுமையை வெறுத்தலும் நெறியன்று. சோஜிரோவின் வழிவந்த இராக்கு குடும்பம் 2019இல் 16ஆம் தலைமுறையைக் கண்டது. மேற்பூச்சின் கலவையைத் தந்தை மகனுக்குக் கற்பிப்பதில்லை என்பது அக்குடியின் வழக்கு. ஒவ்வொருவரும் தாமே தேடிக் காணல் வேண்டும். மரபு என்பது படியெடுத்தல் அன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஆதலின், இராக்குவுக்கு மீள்வோர் தீ தந்ததையெல்லாம் வியந்து ஏற்றல் போதாது. எக்கலத்தை வைத்துக்கொள்வது, எதனை உடைத்தெறிவது எனத் தேரும் உள்ளம் வேண்டும். தீ பொதுவானது; தேர்வு ஒன்றே கலைஞனுக்கு உரியது.