மருத்துவமனை நிர்வாகம்: மாதக் கடைசியில் எந்தக் கணக்கு?

எம்.பி.பி.எஸ். இடம் கைநழுவிய பிள்ளைகள் பலருக்கு மருத்துவமனை நிர்வாகப் படிப்பு ஓர் ஆறுதல் பரிசாகவே அறிமுகமாகிறது. ‘டாக்டர் ஆகாவிட்டால் என்ன, ஆஸ்பத்திரியில் வேலை கிடைக்குமே’ என்கிறார்கள் வீட்டில். இந்தத் தொழிலின் பெருமை, ஆபத்து இரண்டையுமே அந்த ஆறுதல் மறைத்துவிடுகிறது.

பெருமைக்குச் சான்று மதுரையிலேயே இருக்கிறது. 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, அறுவை அரங்கின் ஒழுங்கையே மாற்றி அமைத்தது. ஒரு மேசையில் கண்புரை அறுவை முடியும்போதே அடுத்த மேசையில் நோயாளி தயாராக இருப்பார். மருத்துவரின் நேரம் வீணாவதில்லை. கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி தந்து, பரிசோதனை முதல் பராமரிப்பு வரை பல பணிகளை அவர்களிடம் ஒப்படைத்தார்கள். கட்டணம் செலுத்துவோரின் பணம், செலுத்த முடியாதவர்களின் சிகிச்சைக்கும் உதவியது. கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸின் விலை தடையாக இருந்தபோது, 1992-ல் ஆரோலேப் என்ற லென்ஸ் தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கி அதையும் குறைத்தார்கள்.

அரசுத் துறையின் சாதனையும் சிறியதல்ல. 1994-ல் உருவான தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம், மாநிலம் முழுமைக்கும் மருந்தை மொத்தமாக டெண்டரில் வாங்கியது. தரம் சோதித்த பிறகே விநியோகம். மாவட்டக் கிடங்குகளின் இருப்பு கணினியில். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒதுக்கீட்டைக் காட்டும் பாஸ்புக். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் ஏழை மருந்தோடு வீடு திரும்புவதற்குப் பின்னால் நிர்வாகம் இருக்கிறது.

ஆனால் இவற்றை எல்லா இடத்துக்கும் பொருத்திவிட முடியாது. கண்புரை அறுவை பெரும்பாலும் ஒரே வரிசை முறையில் செய்யக்கூடியது. நள்ளிரவில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் விபத்து நோயாளி எந்த அட்டவணைக்கும் அடங்கமாட்டார். அங்கே வேகத்தை மட்டும் அளக்கும் நிர்வாகம் செவிலியர்களைக் களைப்படையச் செய்யும், நோயாளிக்கும் ஆபத்து.

இதைவிடப் பெரிய குறை, அளவுகோலில் இருக்கிறது. பங்குச் சந்தையில் உள்ள மருத்துவமனைக் குழுமங்கள் நோயாளி இருக்கும் ஒரு படுக்கைக்கு ஒரு நாளில் கிடைக்கும் சராசரி வருவாயை முதலீட்டாளர்களுக்குத் தொடர்ந்து அறிவிக்கின்றன. மருத்துவமனை நடக்கப் பணம் வேண்டும், மறுப்பதற்கில்லை. அந்த ஒற்றை எண்ணே நிர்வாகியின் தகுதியாகிவிட்டால், தேவையற்ற பரிசோதனைக்கு ‘வேண்டாம்’ சொல்லும் மருத்துவர் அவர் கண்ணுக்கு இடைஞ்சலாகத் தெரிவார்.

படித்து வருபவர்களின் நிலையும் கவலை தருகிறது. பலர் வரவேற்பு மேசையிலும் காப்பீட்டுப் பிரிவிலும் பில்களோடு தொடங்கி, வார்டை அறியாமலேயே மேலாளராகிவிடுகிறார்கள். மறுபுறம், அரசு மருத்துவமனைகளில் டீன், நிலைய மருத்துவ அலுவலர் போன்ற பொறுப்புகளில் மருத்துவர்களே இருக்கிறார்கள். சிகிச்சை அனுபவம் அவர்களின் பலம். ஆனால் கோப்புகளில் கழியும் அவர்களின் நேரம் நோயாளிகளுக்கு இழப்பு. பயிற்சி பெற்ற நிர்வாகிகளை அவர்களுக்குத் துணையாக நியமிக்க அரசு முன்வர வேண்டும். கல்லூரிகளும் மாணவர்களை இரவுப் பணியின்போது வார்டுகளில் நிறுத்திப் பழக்க வேண்டும்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் வேலைக்குச் சேருமுன் சம்பளத்தோடு இன்னொன்றையும் கேட்டறியட்டும்: மாதக் கடைசியில் தங்களிடம் கேட்கப்படும் கணக்கு எது? காத்திருப்பு நேரம், தொற்று விகிதம், மருந்து இருப்பு ஆகியவையும் வருவாயோடு சேர்த்துக் கேட்கப்படுமானால், தயங்காமல் சேரலாம். வருவாய் ஒன்றே கேட்கப்படும் இடத்தில், நல்ல மனம் கொண்டவரும் நெடுநாள் நல்ல நிர்வாகியாக நீடிப்பது கடினம்.