களமெழுத்தும் ஆடல் மேடையும்

ஆடலுக்கு மேடை அமைப்போர் பெரும்பாலும் பின்திரையையே சித்திரிக்கின்றனர்; ஆடுவோர் கால்பதியும் தரையை நினைப்பாரிலர். தரையே சித்திரமாயின் யாதாகும் என்பதற்கு மலையாள நாட்டு முடியேற்று தக்க சான்றாகும்.

கோடை அறுவடை முடிந்தபின் பகவதி கோயில்களில் நிகழும் இக்கூத்து, காளி தாரிகனை வதைத்த கதையை நடிப்பது. 2010-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பட்டியலில் இதனைச் சேர்த்தது. கூத்துக்கு முன்னர்த் தரையிற் காளியின் பேருருவை எழுதுவர். வெண்மைக்கு அரிசிமாவு, கருமைக்கு உமிக்கரி, மஞ்சளுக்கு மஞ்சட்பொடி, சிவப்புக்கு மஞ்சளுடன் சுண்ணாம்பு, பச்சைக்கு இலைப்பொடி. தூரிகை கிடையாது, விரல்களே கருவி. பின்னர் அக்களம் அழிக்கப்படும். அதன் பின்னரே முடிதரித்த காளி வெளிப்படுவாள். தரையிற் கிடந்த உருவமே எழுந்து நடந்ததென்று காண்போர் உணர்வது அவ்வழிவினாலன்றோ?

தைவான் நாட்டு லின் ஹ்வாய்-மின் 1994-இல் அமைத்த ‘நாடோடிகளின் பாடல்கள்’ இதற்கு மறுதலை. மேடையில் மூன்றரை டன் பொன்னிற நெல். ஆடல் அடங்கியபின் ஒருவர் தனியே வாரிகொண்டு அந்நெல்லைப் பெருஞ்சுழலாக இழுத்து முடிப்பார். முன்னதிற் சித்திரம் அழிந்து ஆடல் பிறக்கிறது. பின்னதில் ஆடல் அடங்கிச் சித்திரம் பிறக்கிறது. இரண்டிலும் தரை வெறும் அலங்காரமன்று. கதையில் அதற்கும் ஒரு பங்குண்டு.

நிற்க, நம் பக்கத்து நிலை யாது? சிம்பாங் அம்பாட்டை அடுத்த மண்டபமொன்றில் சென்ற ஆண்டு ஒரு நாட்டிய நாடகம் கண்டேன். தோட்டத்துச் சகோதரிகள் ஐவர் காலை முதல் குனிந்த தலை நிமிராது மேடை நிறையக் கோலமிட்டிருந்தனர். கால் வழுக்குமென்று அதனைச் சுற்றிக் கயிறு கட்டி, ஓரத்திலே ஆடலை நடத்தினர்! வழுக்கும் என்பது மெய்யே. ஆயின் கோலமிடுவோரையும் ஆடுவோரையும் ஒத்திகையிலேயே ஒன்றுகூட்டி, எவ்வடி எங்கு விழும், எவ்விடத்திற் பொடி மெலிதாயிருத்தல் வேண்டும் என வகுத்திருப்பின் அக்கயிற்றுக்கு வேலையே இராது. மிதிபடாத கோலம் அன்று மேடைக்குப் பாரமாயிற்றேயன்றித் துணையாகவில்லை.

இதனினும் பெருங்குறை ஒன்றுண்டு. நிகழ்ச்சித் தாளில் ஒலிபெருக்கி தந்தவர் பெயர் இருந்தது. கோலமிட்ட ஐவர் பெயர் இல்லை. முடியேற்றில் களமெழுதும் உரிமை குலவழிப்பட்டது. அதனை நாம் போற்றுவதற்கில்லை. எனினும் எழுதியவர் இன்னாரென அவ்வூர் அறியும். செக்ரோலில் ஒரு பெயர் விடுபட்டால் ஒருநாட் கூலி விடுபடும் என்பதைத் தோட்டத்துக் கிராணியாகிய நான் அறிவேன். கலையின் செக்ரோலிலும் அவ்விதமே. கோலம் அழியலாம், அழியத்தான் வேண்டும். இட்டவர் பெயர் அழிதல் ஆகாது.