ராணி வாய் திறக்காத கூட்டம்

தேனீக் கூட்டம் பிரிந்து மரக்கிளையில் கொத்தாகத் தொங்குவதைக் கண்டால் போதும், கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு அங்கேயே நின்றுவிடுவேன். அப்படியொரு காட்சி அது! பழைய ராணியோடு பாதிக்கும் மேற்பட்ட தேனீக்கள் கூட்டைவிட்டு வந்துவிட்டன. புது இடம் இனிமேல்தான் தேட வேண்டும். முடிவெடுப்பது யார்? ராணி இல்லை. இடம் தேடிப் போகும் வேலைக்காரத் தேனீக்கள்தான்.

கொத்தின் மேல்பரப்பை உற்றுப் பாருங்கள். ஒரு தேனீ வயிற்றை விறுவிறுவென ஆட்டிக்கொண்டு நேராக ஓடும், வலப்பக்கம் வளைந்து திரும்பி மறுபடி ஓடும், அடுத்து இடப்பக்கம். எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் பொந்து இருக்கிறது என்பதெல்லாம் அந்த ஓட்டத்திலேயே இருக்கிறது. இந்த நடன மொழியைக் கண்டறிந்த கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1973இல் நோபல் பரிசு பெற்றார். பரிசு கொடுக்காமல் இருக்க முடியுமா!

நடனத்தைப் பார்த்த தேனீ உடனே தானும் ஆடிவிடாது. பறந்து போய்ப் பொந்துக்குள் நுழைந்து, சுவரெல்லாம் நடந்து அளந்து, பிடித்திருந்தால்தான் திரும்பி வந்து ஆடும். கேள்விப்பட்டதை வைத்து யாரும் பரிந்துரைப்பதில்லை. நல்ல பொந்துக்கு நடனம் நீளும், சுமாரானதற்குச் சுருங்கும். இன்னொன்றுதான் எனக்கு உயிர்: எவ்வளவு அருமையான இடத்தைக் கண்ட தேனீயும், போய்வரும் ஒவ்வொரு முறையும் ஆட்டத்தைக் குறைத்துக்கொண்டே வந்து தானாக நிறுத்திவிடும். தன் யோசனைதான் ஜெயிக்க வேண்டும் என்ற பிடிவாதம் கிடையாது. ஒரு பொந்தில் ஒரே நேரத்தில் இருபது முப்பது தேனீக்கள் சேர்ந்துவிட்டால் முடிவாயிற்று. மொத்தக் கூட்டமும் சிறகுத் தசையைச் சூடேற்றிக்கொண்டு கிளம்பிவிடும்.

கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் சீலி, மரமே அரிதான ஆப்பிள்டோர் தீவில் ஐந்து பெட்டிகளை வைத்துச் சோதித்தார். ஒன்று மட்டும் 40 லிட்டர் கொள்ளளவு, மற்றவை 15 லிட்டர். ஐந்து கூட்டங்களில் நான்கு பெரிய பெட்டியையே தேர்ந்தெடுத்தன. துறைத் தலைவராக இருந்தபோது சீலி தன் ஆசிரியர் கூட்டங்களையும் தேனீக்களின் வழியில்தான் நடத்தினார். ஒருவரைப் பார்த்து இன்னொருவர் முடிவெடுக்காமல் இருக்க ரகசிய வாக்கெடுப்பு உட்பட.

இதைப் படித்ததும் என் குழுவிலும் இதே முறையைத் தொடங்கிவிட்டேன். வயதில் இளையவர் முதலில் பேசுவார், நான் கடைசியில். களத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் சொல்லுக்கே மதிப்பு. தலையாட்டல் ஒழிந்தது; இத்தனை நாள் வாயே திறக்காதவர்களிடமிருந்து வரும் யோசனைகளைக் கேட்டு அசந்துபோகிறேன்!

மார்த்தாண்டம் பக்கம் போனால் தேனீ வளர்ப்பவர் யாரிடமாவது கேட்டு ஒரு பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் உங்கள் மேலாளரையும் அழைத்துப் போங்கள்.