எஸ்.டி.டி. கோடு ஊரைச் சொல்லும், ஆளைச் சொல்லாது

செல்கள் ரத்தத்திலிருந்து திசுவுக்குள் எப்படி இறங்குகின்றன என்று படிக்கிற யாரும் டிமோதி ஸ்ப்ரிங்கர் 1994-ல் 'செல்' இதழில் எழுதிய ஆய்வுரையைத் தாண்டித்தான் வரணும். முப்பது வருஷம் ஆகியும் பாடப்புத்தகப் படங்கள் அந்தச் சட்டகத்துக்குள்ளேயேதான் நிற்கின்றன. சமீபத்தில் மறுபடி வாசித்தேன். பிரமிப்பு குறையவில்லை, ஆனால் ஒரு நெருடல் கூடியிருக்கிறது.

கதை இதுதான். ரத்தக்குழாய்ச் சுவரிலுள்ள செலெக்டின், ஓடுகிற செல்லை லேசாகப் பிடிக்கும்; செல் உருள ஆரம்பிக்கும். அடுத்து சுவரில் ஒட்டியிருக்கும் கீமோகைன் சைகை கொடுக்கும். உடனே செல்லின் இன்டெக்ரின்கள் நிமிர்ந்து, சுவரிலுள்ள ஐகேம், வி-கேம் மூலக்கூறுகளை இறுகப் பற்றும். செல் நின்று, பிறகு சுவரைக் கடந்து உள்ளே போகும். இந்த மூன்று படிகளையும் தொலைபேசி ஏரியா கோடின் மூன்று இலக்கங்களாக ஸ்ப்ரிங்கர் பார்த்தார். நம்ம ஊர் எஸ்.டி.டி. கோடுன்னு வச்சுக்குங்க. சில மூலக்கூறுகளே பல சேர்க்கைகளில் பல முகவரிகளைத் தரும் என்பதுதான் அதன் அழகு.

சரி, இதுல என்ன குறை?

முதலில், இலக்கங்களின் வரிசை. ஆல்ஃபா4 இன்டெக்ரின் செலெக்டின் உதவியே இல்லாமல் செல்லை உருளவும் வைக்கும், நிறுத்தவும் செய்யும் என்று 1995-லேயே காட்டிவிட்டார்கள். ஒரே மூலக்கூறு இரண்டு இலக்கத்தின் வேலையைப் பார்க்கிறது. படியேணிப் படம் நியூட்ரோஃபில்லுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். ஹெல்ப்பர் டி செல்லுக்கு அவ்வளவு கச்சிதமில்லை.

இரண்டாவது, இலக்கம் என்பது புரதத்தின் பெயர் அல்ல. டிஎச்1, டிஎச்2 இரண்டுமே பி.எஸ்.ஜி.எல்-1 புரதத்தைச் சுமக்கின்றன. ஆனால் 1997-ல் எலிகளில் பார்த்தபோது டிஎச்1 செல்களே பி-செலெக்டினைப் பற்றி வீங்கிய திசுவுக்குள் போயின. வித்தியாசம் புரதத்தின் மேலே ஏற்றப்படும் சர்க்கரை அலங்காரத்தில் இருக்கிறது. 'இந்தச் செல்லில் இந்த மூலக்கூறு உண்டு' என்று அட்டவணை போடுவதோடு நிற்கும் கட்டுரைகள் இன்றும் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன.

மூன்றாவதுதான் பெரிய குறை. கோடு ஊரைச் சொல்லும். போன் பண்றவர் யார், எதுக்குப் பண்றார்னு சொல்லாது. இதற்கு விலை கொடுத்தது நோயாளிகள். ஆல்ஃபா4-ஐ அடைத்தால் எலிகளில், மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் போன்ற நோய் தடுக்கப்படுகிறது என்று 1992-ல் தெரிந்தது. அதிலிருந்து பிறந்த நடாலிசுமாப் மருந்துக்கு 2004 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2005 பிப்ரவரியில் விற்பனை நிறுத்தப்பட்டது. சிலருக்கு ஜே.சி. வைரஸால் பி.எம்.எல். என்ற கொடிய மூளைத்தொற்று வந்திருந்தது. முக்கியமான விளக்கம் எளிமையானது: நரம்புறையைத் தாக்கப் போகிற டி செல்லும், வைரஸைக் கண்காணிக்கப் போகிற டி செல்லும் ஒரே கோடைத்தான் சுழற்றுகின்றன. லைனை வெட்டினால் இரண்டுமே நின்றுபோகும். 2006-ல் கடும் கட்டுப்பாடுகளோடு மருந்து திரும்பி வந்தது.

இதை வைத்து உவமையையே தூக்கிப்போடச் சொல்லவில்லை. ஆல்ஃபா4, பீட்டா1-உடன் சேர்ந்தால் வி-கேமைப் பிடிக்கும். பீட்டா7-உடன் சேர்ந்தால் குடலின் மேட்கேமைப் பிடிக்கும். நடாலிசுமாப் இரண்டையும் அடைக்கிறது. 2014-ல் வந்த வெடோலிசுமாப் ஆல்ஃபா4பீட்டா7 ஜோடியை மட்டும் அடைக்கிறது. குடல் அழற்சிக்குப் பயன்படுகிறது. மூளைக்கான வழியைத் தொடுவதில்லை. ஸ்ப்ரிங்கர் சொன்ன சேர்க்கைத் தர்க்கத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனால் இங்கேயும் அடைபட்டது ஒரு ஊருக்கான லைன்தான். குடலைக் காக்கப் போகிற செல்லும் அதே லைனில்தான் இருக்கிறது.

1994-ல் எழுதியவரிடம் இதையெல்லாம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. இன்றைக்குப் பாடம் எடுக்கிறவர்களிடம் எதிர்பார்க்கலாம். அந்தப் படியேணிப் படத்தைக் காட்டும்போது, ஏணியில் ஏறுவது யார் என்ற கேள்வியையும் அதே வகுப்பில் கேட்டுவிடுங்கள்.