இரட்டைக்குப் புள்ளி எதற்கு?

கொடைக்கானல் ஏரியில் துடுப்புப் படகு ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு துடுப்பைத் தள்ளி, மற்றதை இழுத்தால் படகு நின்ற இடத்திலேயே திரும்பும். ஒரு துடுப்பை மட்டும் போட்டால் திரும்பும், கூடவே நகர்ந்தும் போகும். பிரிட்டிஷ் அதிகாரி லெவிஞ்ச் இந்த ஏரியை உருவாக்கியது 1863இல். அதற்கு 60 ஆண்டுகள் முன்பே, 1803இல், பிரெஞ்சுக் கணித அறிஞர் லூயி புவான்சோ தம் நிலையியல் நூலில் இந்தச் சோடி விசைகளைத் தனியே பிரித்து ஆராய்ந்துவிட்டார். சம அளவு, எதிரெதிர்த் திசை, ஆனால் ஒரே கோட்டில் இல்லை: அதுதான் இரட்டை.

நம் பத்தாம் வகுப்பில் அதன் திருப்புத்திறனுக்கு ஒரே வரி. ஒரு விசையை, இரு விசைகளுக்கும் இடையிலுள்ள செங்குத்துத் தொலைவால் பெருக்கு. சிக்கனமான வரிதான். 50 செ.மீ. விட்டமுள்ள ஸ்டியரிங்கை இரு கைகளும் தலா 40 நியூட்டன் விசையால் திருப்பினால், 40 × 0.5 = 20 நியூட்டன் மீட்டர். முடிந்தது.

அப்படிச் சட்டென்று முடிவதுதான் எனக்கு உறுத்தல். ஒற்றை விசையின் திருப்புத்திறன் என்றால் ‘எந்தப் புள்ளியைப் பொறுத்து?’ என்று கேட்கப் பழக்கிவிட்டு, இரட்டை வந்ததும் அந்தக் கேள்வியையே மறைத்துவிடுகிறோம். காரணம் புரியாத பிள்ளை இரு விசைகளையும் கூட்டி, 80 × 0.5 = 40 என்று எழுதுகிறது. மையத்தைப் பொறுத்துப் போட்டுப் பாருங்கள்: 40 × 0.25, இரண்டு தடவை, 20. இடக்கை பிடித்த இடத்தைப் பொறுத்து: அந்தக் கையின் பங்கு சுழி, மற்றது 40 × 0.5, அதுவும் 20. இடக்கைக்கு அப்பால் 1 மீட்டர் தள்ளி, சக்கரத்துக்கு வெளியே: 40 × 1.5 கழித்தல் 40 × 1. மறுபடியும் 20! கரும்பலகையில் இரண்டு நிமிட வேலை.

எடுத்துக்காட்டிலும் ஓர் ஓட்டை. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் பேருந்தில், கொண்டை ஊசி வளைவில் ஓட்டுநரின் ஒரு கை கியரில் இருக்கும். அப்போது இரட்டை எங்கே? ஸ்டியரிங் தண்டைத் தாங்கும் பேரிங் எதிர்விசை தருகிறது. இடைவெளி மட்டும் ஆரமாகச் சுருங்கி, அதே 40 நியூட்டனுக்கு 10தான் கிடைக்கும். 20 வேண்டுமென்றால் 80 நியூட்டன் தர வேண்டும். (பவர் ஸ்டியரிங் இல்லாத காலத்து ஓட்டுநர்களின் தோளைக் கேட்டால் சொல்லும்.) இரு கைப் படத்தோடு பாடத்தை நிறுத்துவதால் இது வகுப்புக்கு வருவதே இல்லை.

வினாத்தாள் எடுக்கும் ஆசிரியர்களே, ஒரே இரட்டையை மூன்று புள்ளிகளைப் பொறுத்துக் கணக்கிடச் சொல்லி ஒரு கேள்வி வையுங்கள். ஒரு புள்ளியாவது சக்கரத்துக்கு வெளியே இருக்கட்டும்.